அவர் பங்கையும் நான் குடித்த நாள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் செழியன் முதலில் செய்கிற காரியம் ஷூவைக் கழற்றுவது அல்ல, என் முகத்தில் ஊதுவது. கதவைத் திறந்து வழியை அடைத்துக்கொண்டு நின்று "ஊதுங்க" என்பேன். அவர் ஊதுவார். காபியா, வெங்காயமா, சூயிங்கமா என்று நான் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். வேறு வாடை இல்லையென்றால்தான் நகர்ந்து வழிவிடுவேன். பதினோரு மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அதற்கு முன்னால் எட்டு வருடம் குடித்தார். போன வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் மகள் எழிலரசியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு குடித்துவிட்டு ஃப்ரீவேயில் கார் ஓட்டினார். அவளுக்கு அப்போது ஏழு வயது. அன்று இரவே நான் இரண்டு விதி போட்டேன். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நானும் எழிலும் கோபிச்செட்டிபாளையத்துக்கு விமானம் ஏறிவிடுவோம், இது முதல் விதி. இந்த விஷயம் வெளியே ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது, இது இரண்டாவது. முதல் விதி அவருக்காக. இரண்டாவது எனக்காக, ஒத்துக்கொள்கிறேன். குடிகாரன் பொண்டாட்டி என்ற பட்டத்தை வாங்கவா நான் சான்டா கிளாராவுக்கு வந்தேன்?

முதல் விதியை அவர் காப்பாற்றினார். செவ்வாய்க்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குப் போனார். இரண்டாவது விதியை நான் காப்பாற்றினேன். செவ்வாய்க்கிழமை எங்கே போகிறார் என்று கேட்டவர்களிடம் பேட்மின்டன் என்றேன். நம்ப வேண்டுமே என்று ஒரு மட்டையும் வாங்கி காரில் போட்டுவைத்தேன். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை.

நண்பர்கள் வீட்டு விருந்துகளுக்கும் வழி கண்டுபிடித்தேன். பங்குனி உத்திரத்துக்கு விரதம், மாலை போட்டிருக்கிறார் என்று பிப்ரவரி முடிவதற்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நிஜமாகவே மாலையும் போடவைத்தேன். மாலை போட்டவரிடம் நம் ஆட்கள் யாரும் கிளாஸை நீட்ட மாட்டார்கள். சாமி, சாமி என்று கூப்பிட்டு ஆரஞ்சு ஜூஸ் ஊற்றித் தருவார்கள். முருகன் என் பக்கம் இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தேன்.

மழைதான் கெடுத்தது.

ஜெயபிரகாஷ் அண்ணன் பொள்ளாச்சிக்காரர். நாங்கள் வந்த புதிதில் இரண்டு வாரம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு பிரான்ஸ் போய் திராட்சைத் தோட்டங்களின் நடுவே நாளெல்லாம் நடந்து, நின்று நின்று வைன் குடிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருடக் கனவு. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் பதினான்கு வருடமாக நிற்கிற மனிதர். நாட்டை விட்டு வெளியே போனால் விசாவுக்கு மறுபடி முத்திரை வாங்கித்தான் உள்ளே வர முடியும், இந்தக் காலத்தில் அதற்கு யார் உத்தரவாதம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "நாம போக முடியலேன்னா என்னப்பா, பிரான்ஸை இங்க கூட்டியாந்தர்றேன்" என்று சொல்லி, சான்டா குரூஸ் மலையில் ஒரு பிரெஞ்சுக்காரரின் திராட்சைத் தோட்டத்தைப் பிடித்தார். மார்ச் கடைசியில் நடப்பதாக இருந்தது. செழியன் மாலையோடு இருப்பார், கவலையில்லை. மழை கொட்டித் தீர்த்ததில் ஏப்ரல் பதினெட்டுக்குத் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் பங்குனி உத்திரம் முடிந்து, செழியன் மாலையைக் கழற்றி, அண்ணனின் மனைவி வசந்தாமணி அக்கா பஞ்சாமிர்தமும் வாங்கிச் சாப்பிட்டு, அது எல்லோருக்கும் தெரிந்தும் போயிருந்தது.

"கார் ஓட்டணும்னு சொல்லிரலாங்க" என்றேன் செழியனிடம்.

அன்று மாலையே அண்ணன் போன் செய்தார். "வேன் புக் பண்ணியாச்சு, வான்மதி. டிரைவரோட. யாருக்கும் டிரைவிங் டென்ஷன் வேண்டாம். எல்லாரும் ஜாலியா குடிக்கலாம்."

போனை வைத்ததும் செழியன் சொன்னார். "மதி, பேசாம சொல்லிரலாமே. ஜேபி அண்ணன்கிட்ட மட்டும்."

"அவர்கிட்ட சொன்னா அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா பொள்ளாச்சிக்குத் தெரியும். பொள்ளாச்சியில இருந்து கோபிக்கு எத்தனை நேரம்?"

"அப்ப போகாம இருந்துக்கலாம்."

"அம்பதாவது பொறந்த நாளு. ஏன் வரலேன்னு கேப்பாங்க. கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா கண்டுபிடிப்பாங்க."

"எனக்கு பயமா இருக்கு மதி" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். நான்தான் அது காதில் விழாததுபோல, "ரூட் கெனால் பண்ணியிருக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிடறேன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

*

சனிக்கிழமை காலை எழிலை மாடி வீட்டு விசாலாக்ஷி ஆன்டியிடம் விட்டுவிட்டு வேனில் ஏறினோம். அண்ணனும் அக்காவும் தவிர ஒரு புது ஜோடியும் இருந்தது. வாஞ்சிநாதன், அண்ணனின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர். அவர் மனைவி ப்ரியம்வதா. நியூ ஜெர்ஸியின் பார்சிப்பனியிலிருந்து குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அந்தப் பெண் கலகலவென்று பேசியது. எனக்குப் பிடித்துக்கூடப் போயிற்று.

தோட்டத்து வாசலில் லூசியன் என்ற அந்த பிரெஞ்சுக்காரர் ஓலைத் தொப்பியோடு நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை, பைக்குள் பாட்டில்கள். அவர் ஊரில் இப்படித்தானாம்: கொஞ்ச தூரம் நடப்பது, நிற்பது, ஒரு கோப்பை குடிப்பது, மறுபடி நடப்பது. மொத்தம் நாலு மைல், ஐந்து நிறுத்தம். முதல் நிறுத்தம் வாசலிலேயே. நுரைக்கிற வெள்ளை வைனை ஆறு கோப்பைகளில் ஊற்றிவிட்டு, "குடிக்காதீர்கள். முதலில் மூக்கு" என்றார்.

எல்லோரும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டோம். என்ன தெரிகிறது என்று கேட்டார். வாஞ்சிநாதன் "கிரேப்ஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் தவறி, "பச்சை மாங்காய். அப்புறம் நனைந்த சாக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். லூசியன் தொப்பியைக் கழற்றினார். "இருபது வருடத்தில் இப்படி ஒரு மூக்கை நான் சந்தித்ததில்லை, மேடம்" என்றார். இந்த மூக்கு எங்கே பயிற்சி எடுத்தது என்று அவருக்குச் சொல்லவா முடியும்?

அண்ணன் கோப்பையை உயர்த்தினார். "சியர்ஸ்! ஏனப்பா செழியா, கிளாஸை ஏன் கீழ வெச்சுட்ட?"

"ரூட் கெனால்ங்ண்ணா. ஆன்டிபயாடிக் எடுத்துட்டிருக்கேன்."

"என்ன ஆன்டிபயாடிக்?" என்றாள் ப்ரியம்வதா.

செழியன் என்னைப் பார்த்தார். "அமாக்ஸிசிலின்" என்றேன் நான், வீட்டில் எழிலுக்கு வாங்கியது நினைவுக்கு வந்ததால்.

"அட, அமாக்ஸிசிலினா? அதுக்கு ரெண்டு வாய் வைன் ஒண்ணும் பண்ணாதுங்க. வேற சில டேப்லெட்னாதான் நான் ஸ்ட்ரிக்டா நோ சொல்வேன்."

"நீங்க..." என்று இழுத்தேன்.

"டென்டிஸ்ட். நியூ ஜெர்ஸில ஏழு வருஷம் ப்ராக்டிஸ். எந்தப் பல்லு? வீக்கமே தெரியலையே. யாரு பண்ணாங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, அந்தப் பெண்ணுக்கு இந்த வேலையா கிடைக்க வேண்டும்! செழியன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தார்.

"டாக்டரே சொல்லியாச்சு!" என்று அண்ணன் குதித்தார். கோப்பையை எடுத்துச் செழியன் கையில் திணித்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார். "எத்தனை மாசமாச்சு உன்கூட ஒரு கிளாஸ் அடிச்சு! அம்பது வயசு அண்ணனுக்காக ஒரே ஒரு வாய்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கோப்பையைப் பார்த்தார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. அந்தத் தொண்டைக்குழியை எனக்குப் பதிமூன்று வருடமாகத் தெரியும். கை மெல்ல மேலே போயிற்று. பாதி விருப்பத்தோடு போகிறதா, வேறு வழியில்லாமல் போகிறதா என்று எனக்குப் புரியவில்லை.

என் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தேன். அவர் கையில் இருந்ததைப் பிடுங்கி அதையும் குடித்தேன். "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குங்க! பல்லு வலிக்காரருக்கு எதுக்கு வேஸ்ட்டா?" என்றேன்.

வசந்தாமணி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அடி ஆத்தீ, இந்தப் பூனையும் பாலு குடிக்குமான்னு இருந்தா! வான்மதி இன்னிக்கு ஃபார்ம்ல இருக்கா!"

நான் அதுவரை வாழ்க்கையில் குடித்தது ஒரு கல்யாண வரவேற்பில் அரை வாய் ஷாம்பெய்ன்தான். காலையில் ஒரு இட்லி மட்டும் சாப்பிட்டிருந்தேன்.

*

சரிவில் நடந்தோம். திராட்சை என்றால் எனக்குக் கம்பம் பக்கத்துப் பந்தல்தான் தெரியும், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இங்கே இடுப்பளவுக்குக் கம்பி கட்டி, கொடிகளை வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். இளந்தளிர் விட்டிருந்தது. தூரத்தில் கடல் தெரிந்தது. நல்ல இடம்தான். நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. செழியன் எத்தனை அடி தள்ளி நடக்கிறார், யார் பக்கத்தில் நடக்கிறார், அதுதான் என் கணக்கு.

இரண்டாவது நிறுத்தம் ஒரு பெரிய ஓக் மரத்தடி. மறுபடி வெள்ளை வைன். இந்த முறை அண்ணனே லூசியனிடம், "அந்த லேடிக்குக் கொஞ்சம் கூடவே ஊத்துங்க" என்று சொல்லிவிட்டார். என்னுடையதைக் குடித்தேன். செழியன் கோப்பையைக் கையில் பிடித்தபடி மரத்துக்குப் பின்னால் நகர்ந்தார். கொட்டத்தான் போனாரோ என்னவோ. நான் அதற்குள் பாய்ந்து வாங்கிக் குடித்துவிட்டேன்.

"மதி, போதும். உனக்குப் பழக்கமில்ல" என்றார் மெதுவாக.

"உங்களுக்குப் பழக்கம் இருக்கறதாலதான் நான் குடிக்கறேன்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை விட்டு முன்னால் போய் லூசியனோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

ஏன் போகிறார்? பாட்டில் பை லூசியனின் தோளில் அல்லவா இருக்கிறது! இருவரும் முப்பது அடி முன்னால் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். லூசியன் நின்று, செழியனின் தோளில் கை வைத்தார். எட்டிப் பிடிக்கலாம் என்று வேகமாக நடந்தேன், பாதை கொஞ்சம் சாய்ந்தது. பிறகுதான் தெரிந்தது, பாதை சாயவில்லை. அதற்குள் ப்ரியம்வதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஹஸ்பண்ட் ரொம்ப சைலன்ட் இல்ல? ஹி சீம்ஸ் நைஸ்" என்றாள். என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று எதுவும் மனதில் நிற்கவில்லை.

மூன்றாவது நிறுத்தம் ஒரு குட்டைக் கரை. ரோஜா நிற வைன். லூசியன் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கடைசியாகச் செழியனுக்குப் பையிலிருந்து வேறு ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார். மரியாதை போலிருக்கிறது, நல்ல சரக்காகப் பார்த்து ஊற்றுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செழியன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பிடுங்கினேன்.

"மதி, இதுல..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுக் குடித்தேன். இனிப்பாக இருந்தது. என் கோப்பையில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஓகோ, பழகப் பழக இனிக்கும் போலிருக்கிறது, இதனால்தான் இந்த மனிதர் எட்டு வருடம் விடாமல் குடித்தார் என்று நினைத்தேன். எனக்கே ஒரு மாதிரி பயமாக இருந்தது. காது மடல் சூடாகி, தோள்களில் இருந்த இறுக்கமெல்லாம் இறங்கி, பதினோரு மாதத்தில் முதல் முறையாக எதுவும் பெரிய விஷயமில்லை என்று தோன்றியது. இவ்வளவு சுலபமா இது?

நான்காவது நிறுத்தத்தில், வயதான கொடிகளின் நடுவே, சிவப்பு வைன். என் கோப்பை, பிறகு அவர் கோப்பை. அவருடையது அங்கேயும் இனித்தது. "நான் சொல்றதக் கேளு மதி, ஒரே நிமிசம்" என்று முழங்கையைப் பிடித்தார். உதறினேன். "வீட்டுக்கு வாங்க, கேக்கறேன்" என்றேன். வசந்தாமணி அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

*

ஐந்தாவது நிறுத்தம் ஒரு பழைய மரக் கொட்டகை. உள்ளே நீளமான மேசையில் ரொட்டி, சீஸ், ஆலிவ். சுவரோரம் வைன் பீப்பாய்கள். அந்த வாடை உள்ளே நுழைந்ததுமே முகத்தில் அறைந்தது. எனக்குத் தலை சுற்றியது. பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு பெண் சிவந்த கண்களோடு நின்றாள். ஐந்து நிமிடம்தான் அங்கே இருந்தேன்.

வெளியே வந்தபோது அண்ணன் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். "... அதனால யாரும் மிச்சம் வைக்கக் கூடாது. பாட்டம்ஸ் அப்!"

எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். செழியனும் உயர்த்தினார். கறுஞ்சிவப்பாக, கோப்பை நிறைய. தயங்கக்கூட இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, அடி வரைக்கும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

"குடிச்சுட்டீங்களா? குடிச்சே போட்டீங்களா? பதினோரு மாசம் எட்டு நாளு! அஞ்சு நிமிசம் நான் அந்தப் பக்கம் போனதும் குடிச்சுட்டீங்களே!"

"மதி..."

"பேசாதீங்க! பச்சைப் புள்ளையைப் பின்னாடி உக்கார வெச்சுட்டு, ஃப்ரீவே ஓரத்துல காரை நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டுட்டுத் தூங்கினீங்களே, மறந்துருச்சா? உங்க போன்ல இருந்து அவ எனக்குக் கூப்பிட்டாளே! 'அம்மா, அப்பா வோன்ட் வேக் அப்'னு! லாரியெல்லாம் பக்கத்துல போறப்ப கார் ஆடுதுன்னு அழுதாளே! அதுக்கப்புறமும் இந்த எழவைக் குடிக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வருது? உங்களுக்காக நான் குடிச்சேனே, அத்தனையும் நான் குடிச்சேனே!"

அதற்குப் பிறகுதான் எனக்கு நான் நிற்கிற இடம் தெரிந்தது. அண்ணன் கோப்பையைப் பாதியில் பிடித்தபடி நின்றார். வாஞ்சிநாதன் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ப்ரியம்வதாவின் கை வாய் மேல் இருந்தது. ஒரு வருடமாக நான் மாலை போடவைத்து, மட்டை வாங்கி, பல்லைப் பிடுங்காத குறையாகப் பொத்தி வைத்ததெல்லாம் அந்த மேசை மேல் கொட்டிக் கிடந்தது. கொட்டியவள் நான்.

செழியன் எழுந்து வந்து காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"திராட்சை ஜூஸு மதி. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். எதுவுமே தெரியவில்லை. இருபது வருடத்தில் சந்திக்காத மூக்கு! என் வாயிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருகிற நாற்றத்தைத் தாண்டி அதற்கு எதுவும் எட்டவில்லை.

லூசியன் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "குழந்தைகள் வந்தால் கொடுப்பதற்காக வைத்திருப்பது, மேடம். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதுமே உங்கள் கணவர் என்னிடம் சொன்னார். 'நான் குடித்துக்கொண்டிருந்தவன், இப்போது குடிப்பதில்லை, எனக்கு உதவுங்கள்' என்றார். அதிலிருந்து அவருக்கு இதுதான் ஊற்றினேன்."

அப்படியானால் நான் பிடுங்கிக் குடித்த கடைசி இரண்டு கோப்பையும் பழச்சாறுதான். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "ஊர் பேர் தெரியாத மனுசன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்ல வாயில்லையா?"

"நாலு தடவை சொல்ல வந்தேன். நீ எப்பக் கேட்ட?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்ண்ணா. நான் குடிகாரன்தான். பதினோரு மாசமாக் குடிக்கல. செவ்வாக்கிழமை பேட்மின்டன் எல்லாம் இல்ல, மீட்டிங் போறேன். பல்லுல எனக்கு ஒரு கோளாறும் கிடையாது." பிறகு ப்ரியம்வதாவைப் பார்த்து, "சாரிங்க" என்றார். வெகுநாள் கழித்து முதுகை நிமிர்த்தி நின்ற மாதிரி இருந்தது அவரைப் பார்க்க.

அண்ணன் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். "நான்தான்டா உன் கையில திணிச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே செழியா."

செழியன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

*

திரும்பும் வழியில் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. இரண்டு முறை வேனை நிறுத்தச் சொல்லி ஓரத்தில் வாந்தி எடுத்தேன். செழியன்தான் என் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "குனி. இன்னும் கொஞ்சம். தண்ணியை உடனே குடிக்காத, கொப்புளிச்சுத் துப்பு." அவருக்கு எல்லாம் அத்துப்படி.

வேனில் வசந்தாமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்கண்ணன் சுப்பையன் செத்தப்ப மஞ்சக்காமாலைன்னுதான் ஊருக்குச் சொன்னோம். உனக்கும் அப்படித்தான் சொன்னேன். அது மஞ்சக்காமாலை இல்ல வான்மதி. குடி. வெளிய தெரியக் கூடாதுன்னு எங்கம்மா ஒரு டாக்டர்கிட்டகூட காட்ட விடல."

நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேன். அதன் வாசம் தெரிந்தது. அழுதேன். அக்கா பார்க்காத மாதிரி இருந்தார்.

எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வேன் நின்றபோது மணி ஐந்தேகால். நல்ல வெயில். இறங்கி நாலு படி ஏறுவதற்குள் எழில் எங்களைப் பார்த்துவிட்டாள். விசாலாக்ஷி ஆன்டி மாடியிலிருந்து "மெதுவா ஓடுடி" என்று குரல் கொடுக்கக் கொடுக்க, திடுதிடுவென்று இறங்கி ஓடிவந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள். நான் குனிந்து கையை விரித்தேன்.

இரண்டு அடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

என் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். என்னுடைய மூக்கு அது, அப்படியே எனக்கு வாய்த்த மாதிரி. "அம்மா, யூ ஸ்மெல் லைக் அப்பா" என்றாள். பிறகு, அப்பா மனம் நோகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அப்பா ஃப்ரம் பிஃபோர்."

"ஒண்ணுமில்ல கண்ணு, வேன்ல வாந்தி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நகரவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குப் போகிற வழியில், நடு வாசலில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் தினமும் நிற்கிற மாதிரியே. நான் என்ன கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பிள்ளை, அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தமான தமிழில், என் குரலில் சொன்னாள்.

"ஊது."

செழியனைத் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். எழில் அவரையும் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். ஃப்ரீவே ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதபோது இந்த முகம்தான் இருந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பொய் சொல்ல எனக்குப் பத்து வழி தெரியும். மாலை தெரியும், மட்டை தெரியும், அமாக்ஸிசிலின் தெரியும்.

மண்டியிட்டு, என் மகளின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், ஊதினேன்.